சைக்கிள் ரிம்முக்குள் மறைந்திருந்த ஒரு கிலோ: அட்வுட் எந்திரம் கட்டிய அனுபவம்

அக்கா மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே இயக்க விதிகள் என்பதால், பள்ளி திறந்த சில வாரங்களிலேயே ‘விசை = நிறை × முடுக்கம்’ என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள். கணக்குகளையும் பிழையில்லாமல் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு, “மாமா, இத யாராவது அளந்து பாத்திருக்காங்களா, இல்ல நியூட்டன் சொன்னாருன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வது முறையல்ல என்று எனக்குப் பட்டது. அடுத்த ஐந்து வார இறுதிகளில் திருச்சியில் எங்கள் வீட்டு மாடிப்படி இடைவெளியில் நாங்கள் இருவரும் கட்டியதும், அது தவறாகப் போனதும், பிறகு சரியானதும் இந்தப் பதிவில் உள்ளன.

அளப்பதில் உள்ள முதல் தடை வேகம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்ட கல் 0.55 விநாடியில் தரையைத் தொட்டுவிடும். அதற்குள் அதன் வேகம் எப்படி ஏறியது என்று பிரித்துப் பார்ப்பதற்குக் கண்ணுக்கும் கைக்கும் அவகாசம் இல்லை. கலிலியோ சாய்தளத்தில் குண்டை உருட்டி இந்தத் தடையைக் கடந்தார். ஆனால் உருளும் குண்டு இறங்குவதோடு சுழலவும் செய்வதால் கணக்கில் ஒரு சிக்கல் புகுந்துவிடுகிறது. கேம்பிரிட்ஜில் நியூட்டன் பயின்ற அதே டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் அட்வுட் வேறொரு வழி கண்டு, அதை 1784இல் நூலாக வெளியிட்டார். ஒரு கப்பியின் மேல் நூலைப் போட்டு, இரு பக்கமும் ஏறத்தாழச் சமமான எடைகளைத் தொங்கவிட வேண்டும். சமமான பகுதிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். மிஞ்சும் சிறு வேறுபாடு மட்டுமே முழு அமைப்பையும் இழுக்கும். இழுப்பது 100 கிராமின் எடை, இழுக்கப்படுவது இரண்டு கிலோ என்றால், விழும் வேகம் கண் தொடரக்கூடிய அளவுக்கு மட்டுப்படுகிறது. ஈர்ப்பு விசையில் தண்ணீர் கலப்பதைப் போன்ற இந்த உத்தி இன்றுவரை எனக்கு அலுக்கவில்லை.

இந்த அமைப்புக்கு நல்ல கப்பி வேண்டும். கிணற்று ராட்டினம் கரகரவென்று உராயும். வீட்டில் பயன்படாமல் கிடந்த பழைய 28 அங்குலச் சைக்கிளின் முன்சக்கரம் நினைவுக்கு வந்தது. டயரையும் டியூப்பையும் கழற்றிவிட்டால் ரிம்மின் பள்ளமே நூல் ஓடும் வாய்க்கால் ஆகிவிடும். ஹப்பில் ஏற்கெனவே பால்ரஸ் குண்டுகள் உள்ளன. சக்கரம் பெரியது என்பதால் இரு எடைகளும் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியே தொங்கும், ஒன்றோடொன்று மோதாது. ஆக்ஸிலைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய தையல் எந்திர எண்ணெயை விட்டு, கோன் நட்டை ஆட்டமும் இறுக்கமும் இல்லாத அந்த ஓர் இடத்தில் நிறுத்துவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ரிம் ஒரு பக்கம் வளைந்திருந்தது. தெருமுனைச் சைக்கிள் கடை அண்ணன் ஸ்போக் நிப்பிள்களை முடுக்கித் தளர்த்தி, பத்து நிமிடத்தில் பெண்டு எடுத்துக் கொடுத்தார். பிறகு சக்கரத்தைப் பழைய ஃபோர்க்கில் மாட்டி, ஃபோர்க்கை ஒரு ரீப்பர் கட்டையோடு போல்ட்டு போட்டு இறுக்கி, கட்டையை முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில் கம்பியால் கட்டினோம்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டில் மணலை நிரப்பி, ஒவ்வொன்றும் மூடி, கொக்கி, வாஷர்கள் எல்லாம் சேர்த்துச் சரியாக ஒரு கிலோ இருக்குமாறு நிறுத்தோம். வாஷர் ஒன்று 5 கிராம். பத்தைச் சேர்த்து நிறுத்துச் சரிபார்த்தோம். இதில் அட்வுட்டின் இன்னொரு நுட்பத்தையும் பின்பற்றினோம். விசையைக் கூட்டுவதற்கு வெளியிலிருந்து எடை சேர்த்தால் இழுக்கப்படும் நிறையும் கூடிவிடும். இரண்டும் ஒருசேர மாறினால் எதனால் எது மாறியது என்று சொல்ல முடியாது. ஆகவே இடப்பக்கத்து வாஷரை எடுத்து வலப்பக்கத்தில் மாட்ட வேண்டும். மொத்தம் இரண்டு கிலோவாகவே நிற்கும். வேறுபாடு மட்டும் ஒரு வாஷருக்குப் பத்துப் பத்து கிராமாகக் கூடும்.

நேரத்தை அளக்கக் கைப்பேசியின் ஸ்லோமோஷன் பதிவைப் பயன்படுத்தினோம். என் கைப்பேசி விநாடிக்கு 120 படம் எடுப்பதாகச் சொல்கிறது. அதை அப்படியே நம்பாமல், டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச் ஒன்றைப் பத்து விநாடி படம் பிடித்து, படங்களை எண்ணிச் சரிபார்த்த பிறகே தொடங்கினோம். பாட்டிலைக் கையால் விடுவித்தால் ஒவ்வொரு முறையும் விரல் அதை லேசாகத் தள்ளிவிடுகிறது. அதனால் எடை குறைந்த பக்கத்துப் பாட்டிலின் அடியில் பருத்தி நூல் கட்டித் தரையோடு பிணைத்து, அந்த நூலை ஊதுபத்தியால் சுட்டு அறுத்தோம். நூல் எரிந்து விடும் கணம் படத்தில் துல்லியமாகத் தெரிகிறது, உதறலும் இல்லை.

முதல் ஓட்டம். பத்து வாஷர்களை மாற்றி, வேறுபாட்டை 100 கிராம் ஆக்கினோம். இங்கே புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78 மீட்டர்/விநாடி². பாடநூலில் வரும் 9.8 நடுத்தர அட்சரேகைகளுக்குப் பொருந்தும் மதிப்பு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் இழுவிசை 0.978 நியூட்டன், நிறை 2 கிலோ, முடுக்கம் 0.489 ஆக வேண்டும். ஒன்றரை மீட்டர் இறங்க 2.48 விநாடி ஆக வேண்டும். அவளே கணக்கிட்டு நோட்டில் எழுதிவைத்தாள். நூலைச் சுட்டோம். பாட்டில் நிதானமாக, மிக நிதானமாக இறங்கியது. படங்களை எண்ணினால் 380. அதாவது 3.17 விநாடி, முடுக்கம் 0.299. எதிர்பார்த்ததில் ஐந்தில் இரண்டு பங்கைக் காணவில்லை.

நியூட்டனின் சமன்பாடு நாற்பது விழுக்காடு தவறாக இருக்க முடியாது. “உராய்வுதான் மாமா” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உராய்வை அளப்பதற்கு நியூட்டனின் முதல் விதியே கருவி. இரு பக்கமும் சமமாக இருக்கும்போது பாட்டிலை லேசாகத் தட்டிவிட்டால், உராய்வு இல்லாத உலகில் அது மாறாத வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். உண்மையில் தளர்ந்து நிற்கிறது. இறங்கும் பக்கத்தில் செம்புக் கம்பித் துணுக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எந்த அளவில் அது தட்டிவிட்ட வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் காக்கிறதோ, அந்தத் துணுக்குகளின் எடைதான் உராய்வின் அளவு.

ஆனால் அந்தச் சோதனையிலேயே வேறொரு கோளாறு வெளிப்பட்டது. பாட்டில் ஓரிடத்தில் வேகம் எடுத்து, இன்னோர் இடத்தில் தயங்கி, சில நேரம் பின்வாங்கவும் செய்தது. பாட்டில்களைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மட்டும் சுழற்றிப் பார்த்தபோது, ரிம்மின் பற்றவைப்பு மூட்டு ஒவ்வொரு முறையும் ஊசலைப் போல ஆடி ஆடிக் கீழே வந்து நின்றது. மூட்டில் கனம் கூடுதல். சைக்கிள் ஓடும்போது இது யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் ஓட்டத்திலோ சக்கரம் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. ரிம்மின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர், பாட்டில் இறங்குவது ஒன்றரை மீட்டர். கனமான பக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும். மூட்டுக்கு நேர் எதிரே ஸ்போக்குகளின் நுனியில் சிறு நட்டுகளை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, எந்த இடத்தில் நிறுத்தினாலும் சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும்வரை சரிசெய்தோம். 6 கிராம் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு உராய்வை அளந்தோம்: 4 கிராம். அவ்வளவுதான். சுவரில் ஐம்பது சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, தட்டிவிட்ட பாட்டில் அவற்றைக் கடக்கும் படங்களை எண்ணினோம்: 96, 97, 97. எந்த விசையும் மிஞ்சாத ஒரு பொருள் சீரான வேகத்தில் போவதை எங்கள் வீட்டு மாடிப்படியில் பார்த்த மகிழ்ச்சியைச் சொல்லத்தான் வேண்டும். பாடநூலில் முதல் விதியை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். தட்டிவிட்ட ஒரு கிலோ மணல் யாரும் இழுக்காமல், தளராமல் மேலே ஏறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போதுதான் அந்த வரி எவ்வளவு துணிச்சலானது என்று புரிகிறது.

இந்த 4 கிராமை இறங்கும் பக்கத்தில் நிரந்தரமாக விட்டு, 100 கிராம் வேறுபாட்டில் மீண்டும் ஓட்டினோம். இம்முறை கலிலியோவின் விகிதத்தையும் சேர்த்தே சோதிக்க நினைத்து, தொடக்கத்திலிருந்து 16.7, 66.7, 150 சென்டிமீட்டரில் கோடு போட்டோம். முடுக்கம் மாறாமல் இருந்தால் தூரங்கள் 1, 4, 9 என்ற விகிதத்தில் கூடும். அதாவது இந்த மூன்று கோடுகளுக்கும் இடையில் சமமான நேரம் ஆக வேண்டும். எண்ணிக்கை: 124, 125, 124. இதைவிடச் சீராக எதிர்பார்க்க முடியாது. மொத்தம் 373 படம், 3.11 விநாடி, முடுக்கம் 0.3105.

சீரான முடுக்கம்தான். ஆனால் அது தவறான முடுக்கம். உராய்வை முழுமையாக ஈடுகட்டியும் 0.299 என்பது 0.31 ஆக மட்டுமே உயர்ந்தது, வேண்டியதோ 0.489.

அன்று இரவு சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். விசை 0.978 என்பதில் ஐயமில்லை, முடுக்கம் 0.3105 என்பதையும் படங்கள் மூன்று பகுதிகளாக உறுதிசெய்துவிட்டன. அப்படியானால் நிறைதான் தவறு. 0.978 ÷ 0.3105 = 3.15 கிலோ. நாங்கள் தொங்கவிட்டிருந்தது 2.004 கிலோ. யாரோ மறைவாக 1.15 கிலோவை ஏற்றிவைத்ததைப் போல இருந்தது. அந்த எண்ணைப் பார்த்த உடனேயே விடை கண்ணெதிரே தொங்குவது விளங்கியது. பாட்டில் ஒரு மீட்டர் இறங்கினால் ரிம்மும் ஒரு மீட்டர் சுற்றுகிறது. நூல் என்ன வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில்தான் ரிம்மின் ஒவ்வொரு துண்டு இரும்பும் போகிறது. ஓய்விலிருந்து அந்த இரும்புக்கும் வேகம் ஊட்டியாக வேண்டும். அதற்கும் விசை செலவாகிறது. சக்கரத்தை நூலைத் திருப்பிவிடும் துணைக்கருவி என்று நினைத்து நான் கணக்கிலிருந்து விட்டுவிட்டேன். உண்மையில் அது மூன்றாவது பாட்டில்.

மறுநாள் சைக்கிள் கடையில் அதே அளவுள்ள தனி ரிம் ஒன்றை வாங்கி நிறுத்துப் பார்த்தோம்: 1.06 கிலோ. முன்சக்கரத்துக்கு ஸ்போக்குகள் 32. ஒவ்வொன்றும் 7 கிராம், மொத்தம் ஏறத்தாழ 225 கிராம். ஸ்போக்கின் வெளிநுனி மட்டுமே ரிம்மின் வேகத்தில் போகிறது, நடுவில் ஹப் பக்கம் ஏறக்குறைய நிலையாக நிற்கிறது. மையத்திலிருந்து சுழலும் கம்பியின் நிலைமத் திருப்புத்திறனில் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவில்) வரும் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்குப்படி, ஸ்போக்குகள் 75 கிராமுக்குச் சமம். ஹப் மையத்திலேயே இருப்பதால் அதன் பங்கு மிகச் சிறியது. கூட்டினால் 1.14 கிலோ. நாங்கள் இயக்கத்திலிருந்து கண்டுபிடித்தது 1.15. தராசில் வைக்காமல், ஓடவிட்டே ஒரு சக்கரத்தை நிறுத்துவிட்டோம்.

இருந்தாலும் அவளுக்கு முழுத் திருப்தி இல்லை, அதுவும் நல்லதுதான். “விட வந்ததுக்கு அப்புறம் காரணம் தேடுற மாதிரி இருக்கு” என்றாள். நியாயமான ஆட்சேபம். அதனால் இரண்டு விளக்கங்களையும் மோதவிடும் ஒரு சோதனையை வகுத்தோம். மணலைப் பாதியாக்கி மொத்தத்தை ஒரு கிலோவாகக் குறைப்பது. வேறுபாடு அதே 100 கிராம். மறைந்திருப்பது நிலையான 1.15 கிலோ என்றால் புதிய முடுக்கம் 0.454 ஆகும், பாட்டில் 308 படங்களில் இறங்கும். மாறாக, நாங்கள் அறியாத ஏதோ ஒன்று விசையில் குறிப்பிட்ட விழுக்காட்டை விழுங்குகிறது என்றால் முடுக்கம் 0.62 ஆகும், 264 படங்களில் இறங்கும். இரண்டு எண்களையும் முன்கூட்டியே நோட்டில் எழுதினோம். எடை குறைந்தால் பால்ரஸின் மேல் அழுத்தமும் குறையும் என்பதால் உராய்வை மீண்டும் அளக்க வேண்டியிருந்தது. இப்போது 3 கிராம். ஓட்டினோம். 310 படம். அதன் பிறகு அவள் ரிம்மைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை.

அட்வுட்டுக்கும் இது தெரிந்திருந்தது. அவருடைய எந்திரத்தில் முதன்மைக் கப்பியின் அச்சு நேரடியாகத் தாங்கியில் உட்காராமல், நான்கு சிறு சக்கரங்களின் விளிம்புகள் மேல் உருண்டது. உராய்வைக் குறைக்க அவர் செய்த ஏற்பாடு அது. அந்தச் சக்கரங்களின் நிலைமத்தையும் அவர் ஒரு சமநிறையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நான் முதலில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டதால்தான் இரண்டு வார இறுதிகள் போயின. அவை வீணாகப் போனதாக நான் கருதவில்லை. பாடத்தில் எல்லாக் கப்பிகளும் ‘நிறையற்ற, உராய்வற்ற’ கப்பிகளாக வருவது ஏன் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை கிடைத்திருக்காது.

மூன்றாம் வாரம் எந்திரத்தை மாற்றிக் கட்டினோம். ஹார்டுவேர் கடையில் பேரிங் பதித்த, பள்ளம் வெட்டிய நைலான் சக்கரங்கள் கிடைக்கின்றன. விட்டம் நான்கு சென்டிமீட்டர். ஒரே சக்கரம் போட்டால் பாட்டில்கள் இரண்டும் உரசும் என்பதால், இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டைப் பொருத்தி, நூலை இரண்டின் மேலும் போட்டோம். இரண்டும் சேர்ந்து 50 கிராம்கூட இல்லை; அவற்றின் செயல்படும் நிறையைத் தோராயமாக 20 கிராம் என்று எடுத்துக்கொண்டோம். புதிய பேரிங்கில் அடைத்துவரும் கெட்டி கிரீஸ்தான் இங்கே எதிரி: முதலில் உராய்வு 14 கிராம் காட்டியது, மூடியை நெம்பி, மண்ணெண்ணெயில் அலசி, ஒரு சொட்டு எண்ணெய் விட்ட பிறகு 4 கிராமாக இறங்கியது. அதுவரை பயன்படுத்திய சணல் நூல் தடிமனாகவும் பிசிறாகவும் இருந்ததால் திரித்த நைலான் நூலுக்கு மாறினோம்.

மொத்தம் இரண்டு கிலோவில் 40, 80, 120, 160 கிராம் வேறுபாடுகளுக்கு முறையே 3.97, 2.79, 2.28, 1.97 விநாடிகள் ஆயின. முடுக்கங்கள் 0.190, 0.385, 0.577, 0.773. விசையை முடுக்கத்தால் வகுத்தால் 2.06, 2.03, 2.03, 2.02 கிலோ. நான்கு விடைகளும் ஒரே நிறையைத்தான் சுட்டுகின்றன. நிறை என்ற சொல்லின் பொருளே அதுதான்: எந்த விசையால் இழுத்தாலும் மாறாமல் வரும் விகிதம். மிகச் சிறிய விசையில் மட்டும் 2.06 என்று சற்றே விலகியிருப்பது, உராய்வை ஈடுகட்டியதில் ஒரு கிராமுக்கும் குறைவான பிழை எஞ்சியிருப்பதைக் காட்டுகிறது. 40 கிராமின் இழுப்பில் ஒரு கிராம் பெரிது, 160இல் சிறிது. அடுத்து, 80 கிராம் வேறுபாட்டை அப்படியே வைத்து மொத்தத்தை ஒரு கிலோவாகக் குறைத்தபோது முடுக்கம் 0.385இலிருந்து 0.765 ஆயிற்று. நிறை பாதியானால் முடுக்கம் இரட்டிக்கிறது. நியூட்டன் 1687இல் லத்தீனில் எழுதியபோது இரண்டாம் விதியை இந்தச் சமன்பாட்டின் வடிவில் எழுதவில்லை; இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் செலுத்தப்பட்ட விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்றுதான் எழுதினார். நாங்கள் அளந்த நான்கு வரிகள் அந்தப் பழைய வாசகத்துக்குத்தான் இன்னும் நெருக்கமானவை.

மூன்றாம் விதிக்கு ஒரு கேள்வியோடு தொடங்கினோம். எந்திரம் முழுவதையும் ஒரு சுருள்வில் தராசில் தொங்கவிட்டால், எடைகள் ஓடும்போது தராசு எவ்வளவு காட்டும்? எதுவும் வெளியே போகவில்லை என்பதால் அதே எடையைத்தான் காட்டும் என்று அவளுடைய அம்மா சொன்னார். வீட்டில் அனைவரும் அதையே சொன்னார்கள். இதற்குப் பாட்டில்கள் பருமன். வெல்டிங் கடையில் 20 மில்லிமீட்டர் கட்டடக் கம்பி வாங்கினோம். அது மீட்டருக்கு 2.47 கிலோ எடை என்பதால், 28.3 சென்டிமீட்டர் துண்டு 700 கிராம், 12.1 சென்டிமீட்டர் துண்டு 300 கிராம். ஒரே கப்பி போதும். மெல்லிய கம்பிகள் உரசாமல் கடந்துவிடும். கப்பியும் சட்டமும் 180 கிராம். கனமான கம்பியைத் தனிப் பருத்தி நூலால் அதே சட்டத்தில் கட்டி நிறுத்தினோம். தரையில் கட்டினால் தரையின் இழுப்பும் தராசில் சேர்ந்துவிடும். சிறிய கம்பி தரையைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நின்றது. தராசு 1180 காட்டியது. கீழே, கனமான கம்பி விழும் இடத்தில் மணல் வாளி.

நூலைச் சுட்டோம். முள் வெடுக்கென்று மேலே ஏறி (இந்தத் தராசில் எடை குறைந்தால் முள் மேலே போகும்), இருமுறை ஊசலாடியது. ஓட்டம் நீடித்தது 0.88 விநாடிதான். படம் படமாகப் பார்த்து ஊசலின் இரு எல்லைகளுக்கும் நடுவை எடுத்தால் 1020 கிராம் அருகில் வருகிறது. கணக்குப்படி 1022. கீழே விழுந்துகொண்டிருக்கும் 700 கிராம் கம்பியை நூல் முழுவதுமாகத் தாங்கவில்லை. தாங்கினால் அது விழாது. நூல் கம்பியை மேலே இழுக்கும் அளவுக்குத்தான் கம்பி நூலைக் கீழே இழுக்கிறது. அந்த அளவுதான் கப்பி வழியாகத் தராசுக்கு வந்து சேரும். விசைகள் எப்போதும் இரண்டிரண்டாகவே இருக்கும் என்பதைத் தராசு முள் 158 கிராம் ஏறிக் காட்டியபோது, அக்கா மீண்டும் ஒருமுறை செய்யச் சொன்னார்.

அந்த மறுமுறையில் ஒரு விபத்து நேர்ந்தது. கனமான கம்பி மணலில் குத்தி நின்றதும், சிறிய கம்பி நிற்கவில்லை. நூல் தளர்ந்தது, கம்பி தன் வேகத்திலேயே மேலே பாய்ந்து கப்பியின் விளிம்பைப் பெயர்த்துவிட்டது. முதல் ஓட்டத்தில் தற்செயலாக நூல் நீளமாக இருந்ததால் தப்பித்தோம். இரண்டாவதில் நூலைச் சுருக்கிக் கட்டியபோது மேலே முப்பது சென்டிமீட்டர் இடம்தான் விட்டிருந்தேன். யாரும் அருகில் இல்லை. ஆனாலும் இதைச் செய்ய விரும்புகிறவர்கள் கம்பிகளின் பாதையிலிருந்து தலையையும் கையையும் விலக்கியே வைத்திருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். முதல் விதியை இரண்டு வாரம் முன்பு அதே இடத்தில் கண்ணால் பார்த்திருந்தும், மேலே ஏறும் கம்பிக்கு அதைப் பொருத்திப் பார்க்க நான் தவறிவிட்டேன்.

எவ்வளவு இடம் விட்டிருக்க வேண்டும் என்று அவள் உட்கார்ந்து கணக்கிட்டாள். முடுக்கம் 3.87, தூரம் ஒன்றரை மீட்டர், மணலைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 3.41 மீட்டர். அதன் பிறகு சிறிய கம்பியின் மேல் இருப்பது அதன் சொந்த எடை ஒன்றுதான். ஆகவே அது 59 சென்டிமீட்டர் ஏறித் திரும்ப வேண்டும். புதிய கப்பியை ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டினோம். நூல் தளரும் இடத்தில் சுவரில் ஒரு கோடும், அதற்கு மேல் 59 சென்டிமீட்டரில் இன்னொரு கோடும் பென்சிலால் போட்டுவிட்டு, ஊதுபத்தியை அவளே எடுத்தாள். மூன்று ஓட்டங்களில் கம்பியின் நுனி 56, 57, 57 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கணம் நின்று திரும்பியது.